கோத்தகிரியிலிருந்து டிஸ்னி வேர்ல்டு: கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி: நான் கோத்தகிரி பக்கம் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. பிடித்தம் போகக் கைக்கு 66,000 ரூபாய் வருகிறது. வீட்டுச் செலவும், மகள் பெயரில் கட்டும் செல்வமகள் சேமிப்பும் சேர்த்து மாதம் 42,000 ஆகிறது. கணவர் மூன்று ஏக்கர் தேயிலையைப் பார்த்துக்கொள்கிறார். நல்ல மாதத்தில் 15,000 நிற்கும், சில மாதம் கைக்காசு போகும். வீட்டை ஒட்டிய இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக விடுகிறோம். ஏப்ரல், மே சீசனில் ஒரு அறை நாளுக்கு 3,000 ரூபாய் போகும். செலவு போக வருடத்துக்கு 2 லட்சம் தேறும். இந்த சீசன் பணம் அப்படியே இருக்கிறது. எஃப்டி 5 லட்சம், நகைக்கடன் 1.5 லட்சம். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. இருவரையும் அமெரிக்காவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது எங்கள் ரொம்ப நாள் ஆசை. கோவையில் ஒரு டிராவல்ஸில் 12 நாள் அமெரிக்க டூர், நான்கு பேருக்கு 13 லட்சம் என்கிறார்கள். அடுத்த மே முதல் வாரம் கிளம்பும். இப்போது 3 லட்சம் கட்டினால் மீதி 10 லட்சத்துக்கு 14 சதவீத வட்டியில் 36 மாதத் தவணை வாங்கித் தருவார்களாம். கணவர், அதற்குப் பதில் நகையை வைத்து விவசாயக் கடன் எடுக்கலாம் என்கிறார். மாமியாரோ மொத்தமும் வீண் செலவு என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: போய் வாருங்கள். ஆனால் அடுத்த மே மாதம் வேண்டாம், தவணையிலும் வேண்டாம். இரண்டு வருடம் தள்ளி, செப்டம்பர் கடைசியில், கையில் இருக்கும் பணத்தில் போங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதை நான் முழுக்க ஏற்கவில்லை. பிள்ளைகள் அந்த வயதில் இருப்பது சில வருடங்கள்தான். அதற்காகத் திட்டமிட்டுச் செலவு செய்வது வீண் இல்லை. ஆனால் அவர் பயப்படுவது கடனுக்கு என்றால், அதில் நான் அவர் பக்கம்தான். 10 லட்சத்துக்கு 14 சதவீதம், 36 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 34,180 ரூபாய். உங்கள் சம்பளத்தில் மிஞ்சுவதே 24,000. மீதி பத்தாயிரத்துக்குத் தேயிலையை நம்ப வேண்டும். பச்சைக் கொழுந்து விலை உங்கள் கையிலும் இல்லை, பேக்டரிக்காரர் கையிலும் முழுதாக இல்லை. ஒரு உறைபனிக் காலமோ, செடியை வெட்டிவிடும் ஒரு கவாத்து வருடமோ போதும், தவணை தடுமாறிவிடும். மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 2.3 லட்சம். அந்தப் பணத்தில் டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஓர்லாண்டோவில் நான்கு பேரின் பார்க் டிக்கெட்டையே வாங்கிவிடலாம்.

நகையை வைத்து விவசாயக் கடன் என்ற யோசனையை உடனே விட்டுவிடச் சொல்லுங்கள். அந்த வட்டி குறைவாக இருப்பதே அரசு மானியம் கொடுப்பதால்தான். உரத்துக்கும் கவாத்துக்கும் பறிப்புக் கூலிக்கும் கொடுக்கிற பணம் அது. டூருக்கு எடுத்தால் தவறான பயன்பாடு. அதோடு, தோட்டத்துக்கு உண்மையிலேயே தேவைப்படும் நாளில் அடகு வைக்க நகை இருக்காது. இந்த சீசன் 2 லட்சத்தில் முதல் வேலையாகப் பழைய நகைக்கடன் ஒன்றரை லட்சத்தை அடைத்து நகையை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மீதி தோட்டத்துக்கு இருக்கட்டும்.

சரி, அந்த டூருக்கு வருவோம். நீங்கள் இணைத்திருந்த பயணத் திட்டத்தை வரிவரியாகப் படித்தேன். நியூயார்க், வாஷிங்டன், நயாகரா, கடைசியில் ஓர்லாண்டோ. 12 நாளில் ஓர்லாண்டோவுக்கு இரண்டே நாள், அதில் டிஸ்னிக்கு ஒரு நாள். பிள்ளைகள் ஆசைப்படுவது எதற்கோ, அதற்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு! டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபரில் திறந்தது. இப்போது மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு தனித்தனி பார்க்குகள். ஒவ்வொன்றும் ஒரு முழு நாளை விழுங்கும். விசா கட்டணம், மதியச் சாப்பாடு, டிப்ஸ் மூன்றும் 13 லட்சத்தில் சேராது என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

அதில் எழுதாத செலவு ஒன்றும் இருக்கிறது. மே மாதம் நம் நீலகிரிக்கு உச்ச சீசன், மலர்க்கண்காட்சி நடக்கும் மாதம். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் அந்த நாட்களில் அறைகளுக்குக் கிராக்கி இருக்கத்தான் செய்கிறது. 12 நாள் வீட்டைப் பூட்டினால் இரண்டு அறைக்கும் சேர்த்து 72,000 ரூபாய் வாடகை போகும். ஹோம்ஸ்டே நடத்துகிறவர் மே மாதம் ஊரை விட்டுக் கிளம்புவது, கொழுந்து பொங்கும் நேரத்தில் பறிப்பை நிறுத்துவது மாதிரி.

காலாண்டு விடுமுறைதான் உங்களுக்குச் சரி. அங்கே ஆகஸ்டிலேயே பள்ளி திறந்துவிடுவதால் செப்டம்பரில் கூட்டமும் குறைவு, அறை வாடகையும் டிக்கெட் விலையும் இறங்கியிருக்கும். டிஸ்னி டிக்கெட்டுக்கு ஒரே விலை கிடையாது, தேதிக்குத் தேதி மாறும். கிறிஸ்துமஸ் வாரம்தான் உச்சம், அதனால் அரையாண்டு விடுமுறையை மறந்துவிடுங்கள். செப்டம்பரில் வேறு ஒரு ஆபத்து உண்டு. ஓர்லாண்டோ இருக்கும் ஃபுளோரிடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2024 அக்டோபரில் மில்டன் புயல் வந்தபோது டிஸ்னி பார்க்குகளையே ஒரு நாள் மூடினார்கள். ஓர்லாண்டோவுக்குப் புயல் எச்சரிக்கை விடப்பட்டு, உங்கள் வருகைக்கு ஏழு நாளுக்குள் இருந்தால், டிஸ்னியிடம் நேரடியாகப் பதிவு செய்த அறையை அபராதம் இல்லாமல் தள்ளிப்போடலாம் அல்லது ரத்து செய்யலாம். விமான டிக்கெட்டுக்கு அது பொருந்தாது. அதனால் பயண ரத்தையும் சேர்த்துக் காப்பீடு எடுப்பது இந்தப் பயணத்துக்குக் கட்டாயம். மருத்துவக் காப்பீடு ஆளுக்கு ஒரு லட்சம் டாலருக்குக் குறையக் கூடாது. அமெரிக்க ஆஸ்பத்திரியில் ஒரு கை எலும்பு முறிவே உங்கள் எஃப்டியைக் காலி செய்துவிடும்.

இரண்டு வருடம் தள்ளினால் மகளுக்கு 10 வயது ஆகிவிடுமே, பெரியவர் டிக்கெட் ஆகிவிடுமே என்று நீங்கள் கவலைப்படலாம். டிஸ்னியில் 3 முதல் 9 வரை குழந்தை டிக்கெட், 10-லிருந்து பெரியவர் டிக்கெட் என்பது உண்மைதான். ஆனால் இரண்டுக்கும் விலை வித்தியாசம் மிகச் சொற்பம், அதற்காக 2.3 லட்சம் வட்டி கட்ட வேண்டியதில்லை. விமானத்தில் 12 வயது நிரம்பும்வரை குழந்தைக் கட்டணம்தான். நான் பார்ப்பது உங்கள் மகனின் உயரத்தை. ஸ்பேஸ் மவுண்டன், எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட், அவதார் ஃபிளைட் ஆஃப் பாஸேஜ் மூன்றுக்கும் குறைந்தது 112 செ.மீ. இருக்க வேண்டும். வாசலிலேயே அளவுகோல் வைத்துத்தான் விடுவார்கள். 5 வயதுப் பையன் பலபேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்பார்கள். அக்கா உள்ளே போக, தம்பி வாசலில் அழ, உங்களில் ஒருவர் அவனோடு வெளியே நிற்க வேண்டியிருக்கும். 7 வயதில் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதே பணத்துக்கு இரண்டு பேரும் இந்த மூன்றிலும் ஏறலாம்.

இனி கணக்கு. 2014-ல் 60 ரூபாய் அளவில் இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. அதனால் பயணக் கணக்கை 95 ரூபாய் வைத்துப் போடுகிறேன். பெங்களூரு அல்லது கொச்சியிலிருந்து ஓர்லாண்டோ போய்வர ஆளுக்கு 1.2 லட்சம் வீதம் 4.8 லட்சம். விசா ஆளுக்கு 185 டாலர், நால்வருக்கு 70,000. நான்கு நாள் பார்க் டிக்கெட்டுக்கு வரியோடு 2,100 டாலர், 2 லட்சம். எட்டு இரவு தங்க 1,360 டாலர், 1.29 லட்சம். சாப்பாடு நாளுக்கு நூறு டாலர் வீதம் ஒன்பது நாளுக்கு 86,000. காப்பீடு 25,000. இங்கே விமான நிலையம் வரை போகவர, அங்கே விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு, சின்னச் சின்னச் செலவு என்று 50,000. மொத்தம் 10.4 லட்சம். மேலே ஒரு லட்சம் அவசரக் கையிருப்பு வைத்தால் 11.4 லட்சம்.

அந்த ஒரு லட்சத்தை வேறு எதற்கும் தொடாதீர்கள். அமெரிக்காவில் 2025 ஜூலையில் வந்த சட்டம் விசாவோடு ஆளுக்கு 250 டாலர் கூடுதல் கட்டணம் வசூலிக்க இடம் கொடுத்திருக்கிறது. உங்கள் விண்ணப்பத்துக்கும் அது கேட்கப்பட்டால் நால்வருக்கு 95,000 ரூபாய் அங்கேயே போய்விடும்.

பணம் எங்கிருந்து? எஃப்டியில் 3.5 லட்சம் அவசர நிதி, அதன் மேல் கை வைக்கக் கூடாது. தேயிலைக் குடும்பத்துக்கு அதற்குக் குறைந்தால் போதாது. மீதி 1.5 லட்சம் பயணத்துக்கு. சம்பளத்தில் மிஞ்சும் 24,000-ல் மாதம் 20,000 ஆர்டி (தொடர் வைப்பு), 27 மாதத்துக்கு 5.4 லட்சம். வரும் இரண்டு சீசன் ஹோம்ஸ்டே வருமானம் 4 லட்சம். ஆக 10.9 லட்சம், வட்டி சேர்ந்தால் பதினொன்றரையைத் தொட்டுவிடும். தேயிலைப் பணத்தில் ஒரு ரூபாய்கூட நான் இதில் எண்ணவில்லை, வேண்டுமென்றேதான். மீதி 4,000-ஐ மகன் பெயரில் பிபிஎஃப்பில் (பொது வருங்கால வைப்பு நிதி) போடுங்கள். மகளுக்குச் செல்வமகள் இருக்கிறது, பையனுக்கு ஒன்றுமே இல்லை என்பது உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம்.

ஆர்டி வங்கியில் போடுங்கள். தபால் அலுவலக ஆர்டி ஐந்து வருடத்துக்கு என்பதால் இதற்கு ஒத்துவராது. அதிக வருமானம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் பங்குச் சந்தை ஃபண்டில் போட்டுவிடாதீர்கள். தேதி குறித்த செலவுக்கு அது இடம் இல்லை.

பதிவு செய்யும் வரிசை பணத்தைவிட முக்கியம். முதலில் விசா. கட்டணம் திரும்ப வராது, நிராகரித்தாலும் அப்படித்தான். அதனால்தான் விசா பாஸ்போர்ட்டில் ஒட்டும்வரை யாரிடமும் முன்பணம் கட்டக் கூடாது என்கிறேன். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதிக்குச் சில சமயம் பல மாதம் காத்திருக்க வேண்டும். இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா வழக்கமாகப் பத்து வருடத்துக்குக் கொடுக்கிறார்கள் என்பதால் ஒரு வருடம் முன்னாடியே வாங்கினாலும் நஷ்டம் இல்லை. சம்பளச் சான்று, தோட்டத்தின் பட்டா, சிட்டா, ஹோம்ஸ்டே பதிவு எல்லாம் கையில் இருக்கட்டும். நீங்கள் ஊருக்குத் திரும்பி வருவீர்கள் என்று காட்டுவதற்கு மூன்று ஏக்கர் தேயிலையைவிட நல்ல சாட்சி கிடையாது.

விசா வந்த பிறகு, பயணத்துக்கு ஐந்தாறு மாதம் முன்னால் விமான டிக்கெட். துபாய் வழியாகப் போனால் அங்கிருந்து எமிரேட்ஸ் நேராக ஓர்லாண்டோவுக்கே இறங்குகிறது. அமெரிக்காவுக்குள் இன்னொரு விமானம் மாற வேண்டியதில்லை, சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. அப்புறம் அறை. டிஸ்னியின் ஆல் ஸ்டார் மாதிரி விலை குறைந்த ஹோட்டல்களில் தங்கினால் பார்க்குகளுக்கு இலவச பஸ் உண்டு, வாடகைக் கார், பார்க்கிங் கட்டணம் எல்லாம் மிச்சம். பார்க் டிக்கெட்டைக் கடைசியில் வாங்கலாம். ஒரே நாளில் பல பார்க் சுற்றும் ஹாப்பர் டிக்கெட் உங்களுக்கு வேண்டாம். வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக அனுமதி உண்டு, கண்ணாடிப் பாட்டிலும் மதுவும்தான் கூடாது. எனவே காலையில் ரொட்டியும் பழமும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் நாளுக்கு நூறு டாலருக்குள் அடங்கும்.

இப்படித் தனித்தனியாக நீங்களே பதிவு செய்தால் டூர் பேக்கேஜ் மீதான டிசிஎஸ் என்ற வரிப் பிடித்தமும் வராது. கார்டைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை: பல கிரெடிட் கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் எடுக்கும். இந்தக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்றை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கடையில் ரூபாயில் கட்டுகிறீர்களா, டாலரிலா என்று கேட்டால் டாலர் என்றே சொல்லுங்கள்.

விசா கிடைக்காமல் போனால் சேர்த்த பணம் எங்கும் போய்விடாது. ஹாங்காங்கில் 2005 முதல் டிஸ்னிலேண்ட் இருக்கிறது. இந்தியர்கள் 14 நாள் வரை தங்க, ஆன்லைனில் இலவசமாக முன்பதிவு செய்தால் போதும். மொத்தச் செலவு பாதிக்கும் கீழேதான் வரும்.

இந்த மாதமே செய்ய வேண்டியது: நகையை மீட்பது, ஆர்டி தொடங்குவது, டிராவல்ஸுக்கு வேண்டாம் என்று சொல்வது. நீங்கள் அரசு ஊழியர் என்பதால் பாஸ்போர்ட்டுக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் துறை அனுமதி வேண்டும். பாஸ்போர்ட்டுக்கான கடிதத்தை இப்போதே வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக அனுப்பிவிடுங்கள். மகளின் பாஸ்போர்ட்டுக்கு 1,000 ரூபாய், 8 வயதுக்குக் கீழே இருப்பதால் மகனுக்கு 900; இரண்டும் ஐந்து வருடம் செல்லும். இப்போது எடுத்தாலும் அந்தச் செப்டம்பரைத் தாண்டி இருக்கும்.