பட்டப்பகல் ரத்தக்காட்டேரி (கடிதம், பதில்)

அன்புள்ள அக்கா,

மொரீஷியஸ் ரோஸ்ஹில்லிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வாலிபர் சங்கத்தில் சினிமா பைத்தியங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். 2024-இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’வை ஒரு நண்பன் வீட்டு டிவியில் பிரெஞ்சுக் குரலில் பார்த்தோம். அன்றிலிருந்து வாட்ஸப் குழுவில் சண்டை ஓயவில்லை. ஒரு கட்சிக்கு மீசை வைத்த ஆர்லாக்கைக் கண்டாலே ஆகவில்லை. மொட்டைத் தலையும் எலிப்பல்லும் இல்லாத இவன் என்ன ரத்தக்காட்டேரி என்கிறார்கள். 1922 படத்தை மறுபடி எடுத்ததே அவமரியாதையாம். இன்னொரு கட்சி அந்தப் பழைய படத்தை யூடியூபில் பார்த்துவிட்டுச் சிரிக்கிறது. எல்லாரும் குடுகுடுவென்று ஓடுகிறார்கள், ரத்தக்காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்கிறது, கடைசியில் அதே வெயில் பட்டுச் சாகிறது, இதில் என்ன லாஜிக் என்று கேட்கிறார்கள். புதுப் படமோ ஒரே இருட்டு, பாதி தெரியவில்லை. ஜூலையில் சங்க மண்டபத்தில் இரண்டையும் ஒரே இரவில் போட்டு வாக்கெடுப்பு நடத்தலாம் என்றிருக்கிறோம். எது சிறந்தது என்பது உங்கள் கருத்து? எதை முதலில் போடலாம்?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

மீசையை முதலில் மழித்துவிடுவோம். 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவலில் டிராகுலாவுக்கு நீண்ட வெள்ளை மீசை உண்டு. புதுப் படத்தின் இயக்குநர் ராபர்ட் எக்கர்ஸ் மீசையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ‘அவமரியாதை’ என்று குதிக்கிறவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். 1922 படமே அந்த நாவலை அனுமதி வாங்காமல் எடுத்தது. டிராகுலாவை ஆர்லாக் என்று பெயர் மாற்றினால் தப்பிக்கலாம் என்று நினைத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் விடவில்லை. 1925-இல் பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது, தயாரித்த பிராணா நிறுவனம் அதற்கு முன்பே திவாலாகியிருந்தது. அழிக்கச் சொன்ன பிரதிகளில் சில தப்பியதால்தான் இன்று உங்களுக்குப் பூசை செய்ய ஒரு சாமி இருக்கிறது. 1979-இல் வெர்னர் ஹெர்ட்ஸாக் ஒருமுறை மறுபடி எடுத்தும் ஆயிற்று. கிளவுஸ் கின்ஸ்கி மொட்டைத் தலையோடுதான் வந்தார். மொட்டைக் கட்சியில் எத்தனை பேர் அதைப் பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் ‘பட்டப்பகல்’தான். வெகுநாளாக மனதில் புகைந்துகொண்டிருந்த விஷயம், நீங்கள் வந்து ஊதிவிட்டீர்கள்.

அது பகல் இல்லை, தம்பி. ராத்திரி.

அன்றைய கறுப்பு வெள்ளைச் சுருள் சிவப்பைக் காணாது, நீலத்தை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். ஒளியுணர்வும் குறைவு. தெருவிளக்கை நம்பி ஒரு தெருவையே இரவில் படமெடுப்பது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே இயக்குநர் முர்னாவும் ஒளிப்பதிவாளர் வாக்னரும் விஸ்மாரிலும் லூபெக்கிலும் நல்ல வெயிலில் எடுத்தார்கள். பிறகு திரையரங்குக்குப் போகும் பிரதியைச் சாயத் தொட்டியில் முக்கினார்கள். இரவுக் காட்சிக்கு நீலம், விளக்கெரியும் அறைக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு. சாயம் வெளிச்சமான இடத்தில் ஏறும், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய துண்டுகளைத் தனித்தனியாக முக்கிக் காயவைத்து, வரிசைப்படி ஒட்டவேண்டும். ஒரு பிரதி மட்டுமல்ல, எல்லாப் பிரதிகளுக்கும் இப்படித்தான். 1922 பார்வையாளருக்கு நீலம் வந்தாலே இரவு. யாரும் விளக்கம் கேட்டதில்லை.

பின்னால் என்ன நடந்தது? நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும், நாளாக ஆகச் சிதையும். அதனால் நகலெடுத்து வைத்தார்கள். நகலெடுத்தது சாதாரணக் கறுப்பு வெள்ளைச் சுருளில். அங்கேயே நீலம் போயிற்று, மஞ்சள் போயிற்று, விடியலும் போயிற்று. மிஞ்சியது வெயில். பல பத்தாண்டுகள் உலகம் பார்த்தது அந்த நகலின் நகலைத்தான். உங்கள் நண்பர்கள் யூடியூபில் பார்த்ததும் அதுவாகத்தான் இருக்கும். சாயம் போன புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நெய்தவனைத் திட்டுகிறார்கள்.

இதில் கொடுமை எது தெரியுமா? வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி சாகும் என்பதே இந்தப் படத்தின் கண்டுபிடிப்பு. நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான், சக்தி மட்டும் குறையும். முர்னாவின் படத்தில் ஆர்லாக்கைக் கொல்வது ஒரு நிறமாற்றம். இரவு நிறத்தில் இருந்த திரை இளஞ்சிவப்பாகிறது, அவன் கரைந்து புகையாகிறான். நிறத்தை எடுத்துவிட்டால் கொலைக்கு ஆயுதமே இல்லை. வெயிலில் நின்றவன் வெயிலில் செத்தான் என்று ஆகிறது. உங்கள் குழு சிரித்தது சரிதான், ஆனால் சிரிக்க வேண்டியது பிரதியைப் பார்த்து.

2006-ஐ ஒட்டி ஜெர்மனியின் முர்னாவ் அறக்கட்டளைக்காக லூசியானோ பெரியத்துவா செய்த மீட்டெடுப்பில் சாயம் திரும்ப வந்தது. அதற்கு அடிப்படை பாரிஸின் சினிமாதெக் திரைப்படக் காப்பகத்தில் தப்பியிருந்த, பிரெஞ்சு எழுத்தட்டைகள் கொண்ட 1922 பிரதி. பிரெஞ்சில் பத்திரிகை படித்து வளர்ந்த மொரீஷியஸ்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பெருமைப்பட இடம் இருக்கிறது. வாங்கினால் அதை வாங்குங்கள்.

அடுத்தது ‘குடுகுடு’. படத்தின் அசல் நீளம் 1,967 மீட்டர். 35 மி.மீ. சுருளில் மீட்டருக்கு 52 பிரேம் சொச்சம். அன்றைய வேகமாக நொடிக்கு 18 பிரேம் ஓட்டினால் 96 நிமிடம், இன்றைய வழக்கப்படி 24 ஓட்டினால் 72 நிமிடம். அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம். ஆர்லாக்கின் பயமே அவன் மெதுவாக வருவதில் இருக்கிறது. வேகமாக வந்தால் அவன் தபால்காரன். ஒழுங்காக மாற்றிய வீடியோவில் மூன்று பிரேமுக்கு ஒன்று இரண்டு முறை வந்து 18-ஐ 24 ஆக்கியிருக்கும். சோம்பேறி மாற்றத்தில் அப்படியே ஓடவிட்டிருப்பார்கள். உறையில் ஓடும் நேரம் பாருங்கள். 90 நிமிடத்துக்கு மேல் என்றால் நம்பலாம். 80-ஐ ஒட்டி இருந்தால் சந்தேகப்படுங்கள். 70-க்குக் கீழ் என்றால் வெட்டும் வேகமும் சேர்ந்த பாவம். வேறு வழியே இல்லாமல் வேகப் பிரதிதான் கையில் இருக்கிறது என்றால், பிளேயரில் வேகத்தை 0.75 ஆக்கி ஒலியை அணைத்துவிடுங்கள். 24 திரும்ப 18 ஆகிவிடும்.

இன்னொரு மூன்றில் ஒரு பங்கும் உண்டு. மௌனப்படம் நாலுக்கு மூன்று சட்டகம். டிவியில் ‘திரை முழுக்க’ என்று அமுக்கினால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். பழைய ஆர்லாக்காக நடித்த மாக்ஸ் ஷ்ரெக்கின் உடம்பு குச்சி. அந்தக் குச்சிதான் கதவுச் சட்டத்துக்குள் செங்குத்தாக நிற்கிறது, அதன் நிழல்தான் மாடிப்படி ஏறுகிறது. இழுத்துவிட்டால் அது தொப்பைக்காரனின் நிழல். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும்.

இப்போது புதுப் படத்துக்கு வருகிறேன். மீசைச் சண்டையில் உங்கள் இரண்டு கட்சியும் கோட்டைவிட்டது ஒன்று இருக்கிறது. ஒளிப்பதிவாளர் ஜாரின் ப்ளாஷ்கே நிலவுக் காட்சிகளுக்காகவே ஒரு வடிகட்டி தயாரித்தார். சிவப்பையும் மஞ்சளையும் பெரும்பகுதி தடுத்து, நீலத்தை உள்ளே விடுவது. ஏன் அந்தக் காட்சிகளில் உதடு கறுப்பு மாதிரி தெரிகிறது என்று யோசித்தீர்களா? சிவப்பைக் காணாத அந்தக் காலத்துச் சுருள் உதட்டுச் சிவப்பை அப்படித்தான் பார்த்தது. பழைய படத்துக்கு இந்தப் படம் செய்த மரியாதை அங்கே இருக்கிறது. நீங்கள் மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

‘பாதி தெரியவில்லை’ என்பதை நான் நம்புகிறேன். குற்றவாளி அநேகமாக நண்பன் வீட்டு டிவி. கடையில் பளபளக்க வைப்பதற்கென்றே இருக்கும் ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ முறையை விட்டு ‘சினிமா’ முறைக்குப் போங்கள். அறை வெளிச்சத்துக்கேற்பத் திரையை மங்கவைக்கும் சென்சாரை அணையுங்கள். லேப்டாப்பிலிருந்து ஹெச்டிஎம்ஐ கம்பியில் கொடுத்திருந்தால் இரு பக்கமும் ‘ரேஞ்ச்’ ஒன்றா என்று பாருங்கள். லேப்டாப் முழு ரேஞ்சில் அனுப்பி, டிவி குறுகிய ரேஞ்சை எதிர்பார்த்தால் கருநிழல் எல்லாம் ஒரே தார். தலைகீழானால் கறுப்பு சாம்பலாகும். இது சரியில்லாமல் பிரைட்னஸை ஏற்றுவதால் பயனில்லை. அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணையுங்கள். எல்ஜியில் அதன் பெயர் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. பழைய படத்துக்கு இது இரட்டை விஷம். திரும்ப வரும் பிரேம்களுக்கு நடுவே டிவி தானாக ஊகித்துப் படம் வரையும், விரல்கள் கொழகொழவென்று இழுபடும். குறைந்த வேகத்தில் ஸ்ட்ரீமிங் பார்த்தால் மூடுபனி படிக்கட்டு படிக்கட்டாக உடையும், அதற்கு டிவியில் மருந்து இல்லை, டிஸ்க்தான் வாங்கவேண்டும்.

பிரெஞ்சுக் குரலைப் பற்றி ஒரு வரி. புது ஆர்லாக்காக நடித்த பில் ஸ்கார்ஸ்கார்ட் ஓர் ஓபரா பாடகியிடம் பயின்று குரலை அடிவயிற்றுக்கு இறக்கியிருக்கிறார். அதை எடுத்துவிட்டு வேறொருவர் தொண்டையைக் கேட்டீர்கள். இந்தத் தீவில் இது பழகிப்போன வழக்கம். பழகியது என்பதால் நல்லது ஆகிவிடாது.

இருட்டைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1994 பிப்ரவரியில் ஹோலாண்டா புயலுக்குப் பின் மின்சாரம் இல்லாத இரவுகளில் ‘தூனி மின்வி’ என்று எல்லாரும் பயந்த நிர்வாணப் பேய் தீவு முழுக்கக் கூரை தாவியது. மேக்கப் இல்லை, பல் இல்லை, மீசை இல்லை. ஆர்லாக்கையும் கொள்ளைநோயையும் ஏற்றிக்கொண்டு பிணக் கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும் காட்சியும் நமக்கு அந்நியமில்லை. 1856-இல் நோய் கண்ட கப்பல்களில் வந்த ஒப்பந்தக் கூலிகளைக் கரையிறக்காமல் காப்ரியல் தீவில் விட்டார்கள், பலர் அங்கேயே செத்தார்கள். 1899-இல் போர்ட் லூயிக்குப் பிளேக் வந்தது. உங்கள் மண்டபத்தில் உட்காரப்போகிறவர்களுக்கு அந்தக் கப்பல் வேறு மாதிரி தெரியும். அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

மண்டபத்துக்கு வருவோம். புரொஜெக்டருக்குக் கறுப்பு என்ற நிறமே கிடையாது, வெளிச்சம் படாத வெள்ளைத் திரைதான் கறுப்பு. எங்கிருந்தாவது ஒரு டியூப்லைட் கசிந்தால் ஆர்லாக் சாம்பல் பூசிக்கொள்வான். கண்ணாடிச் சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். திரையை ஒட்டிய பக்கச் சுவர்கள் வெள்ளையாக இருந்தால் இரண்டு மீட்டர் தூரத்துக்காவது துணி தொங்கவிடுங்கள். திரையிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரைக்கே திரும்பும். பெரிய படம் வேண்டும் என்ற பேராசை வேண்டாம். நாலு மீட்டர் அகலத்தை மூன்றாக்கினால் வெளிச்சம் ஏறக்குறைய 1.8 மடங்கு. புரொஜெக்டரைத் திரைக்கு நேராக வையுங்கள். சாய்த்து வைத்துவிட்டு மெனுவில் கோணலைத் திருத்தினால் படத்தின் கூர்மை போகும்.

இசைக்கு டெக்னோ போடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம் என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். ஹான்ஸ் எர்ட்மான் 1922-இல் அமைத்த இசையில் பெரும்பகுதி தொலைந்து, மிஞ்சியதை வைத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அதுவே போதும். நேரடியாக வாசிக்க ஆள் இருந்தால் ஒரு ஹார்மோனியமும் நம்மூர் ராவான் பறை ஒன்றும். ராவானைக் கப்பல் வரும்வரை தொடக்கூடாது. படத்துக்கு முன் தீயில் காட்டிச் சூடாக்கி வைத்திருந்தாலும் ஜூலை ஈரத்தில் ஆட்டுத்தோல் தளர்ந்து தொங்கும். ஆகவே வெளியில் இன்னொன்றைச் சூடாகவே வைத்திருந்து அந்தக் காட்சிக்கு முன் மாற்றிக்கொள்ளுங்கள்.

எது சிறந்தது என்றா கேட்டீர்கள்? வாக்கெடுப்பு நடத்துங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் ஒரே இரவில் இல்லை. ஆறரைக்குத் தொடங்கினால் பழைய படம் முடிய எட்டு தாண்டும். புதியது 132 நிமிடம், பத்தேகால் தாண்டும், வெளியூர்க்காரர்களுக்கு பஸ் கிடைக்காது. இரண்டு சனிக்கிழமைகளாகப் பிரியுங்கள். முதல் வாரம் 1922. இரண்டாம் வாரத்துக்குப் பிள்ளைகளை அழைக்காதீர்கள், அது பெரியவர்களுக்கான படம். பொது இடத்தில் காட்ட விநியோகஸ்தரிடம் எழுத்தில் அனுமதியும் வேண்டும், வீட்டு டிஸ்க் அதற்குச் செல்லாது. மீட்டெடுத்த பதிப்புக்கும் அதன் இசைக்கும் உரிமையாளர்கள் உண்டு, அவர்களுக்கும் இப்போதே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பதில் வர வாரக்கணக்காகும். ஜூலை தூரத்தில் இல்லை.