35,000 ரூபாய் கட்டினால் மகளுக்கு வேலை கிடைக்குமா?

முக்கூடலில் இருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "மகள் பி.காம். முதல் வகுப்பில் முடித்தவள். எழுத்துத் தேர்வில் தேறிவிடுகிறாள், நேர்காணலில் 'சாப்ட் ஸ்கில்ஸ் போதாது' என்று அனுப்பிவிடுகிறார்கள். வண்ணார்பேட்டையில் ஒரு பயிற்சி மையம் 35,000 ரூபாய் கட்டினால் நூறு சதவீதம் வேலை என்கிறது. வீட்டுக்காரி பீடி சுற்றுகிறாள், அந்தக் கணக்கைப் பார்ப்பதும் மகள்தான். நகையை அடகு வைக்கலாமா?"

வேண்டாம் அண்ணாச்சி, நகை வீட்டிலேயே இருக்கட்டும். நூறு சதவீதம் வேலை என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பணம் கட்டுமுன் ரசீதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், பொடி எழுத்தில் 'வேலை தேட உதவப்படும்' என்றுதான் இருக்கும். யாரும் இலவசமாகப் போகக்கூடிய வேலை முகாமுக்கு வேனில் கூட்டிப்போவதுதான் பெரும்பாலும் அந்த உதவி.

சாப்ட் ஸ்கில்ஸ் என்று நேர்காணலில் என்ன பார்க்கிறார்கள்? கேள்வியைக் காதில் வாங்குகிறாளா, புரியாவிட்டால் திருப்பிக் கேட்கிறாளா, தான் செய்த ஒரு வேலையைக் கோர்வையாகச் சொல்கிறாளா, அவ்வளவுதான். பெயர், ஊர், பொழுதுபோக்கு என்று ஒப்பித்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். உங்கள் மகளிடம் சரக்கு இருக்கிறது. பீடிக் கடையில் இலை எடை குறைந்தாலோ, சுற்றிய பீடியைச் சரியில்லை என்று கூடுதலாகக் கழித்தாலோ, பீடிக் கணக்கு எழுதும் பாஸ்புக்கை விரித்துக் கேட்டிருப்பாள். என்ன தகராறு, கடைக்காரர் என்ன சொன்னார், இவள் என்ன பதில் சொன்னாள், எப்படி முடிந்தது? இரண்டு நிமிடத்தில் சொல்லச் சொல்லுங்கள். முதலில் தமிழில், அப்புறம் தெரிந்த ஆங்கிலத்தில். செல்போனில் பதிவு செய்து அவளையே கேட்க வையுங்கள். தினமும் செய்தால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

இதைக் கல்லூரி செய்திருக்க வேண்டும். மூன்று வருடம் வாயைத் திறக்க விடாமல் கைடை மனப்பாடம் செய்ய வைத்து, 'தகவல் தொடர்பின் வகைகள் யாவை' என்று 10 மார்க் கேள்வி கேட்டுவிட்டு, கடைசியில் பிள்ளைக்குப் பேச வரவில்லை என்றால் எப்படி? எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலை முகாமுக்குப் பைசா செலவில்லை. பிடிக்காத கம்பெனி என்றாலும் பேசிப் பழக உட்காரட்டும். தமிழக அரசு 2022 மார்ச் 1-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளும் இலவசம். அதற்கே கட்டணம் கேட்கும் ஆட்கள் உண்டு, உஷார். கம்பெனியில் சம்பளத்தோடு வேலை பழகுவதற்கான தொழிற்பழகுநர் சட்டம் 2014 திருத்தத்துக்குப் பின் பி.காம். படித்தவர்களுக்கும் பொருந்தும். அப்படிப் பழகும் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று 2019 விதி வைத்தது. சம்பளம் சிறிதுதான், ஆனால் அடுத்த நேர்காணலில் சொல்ல ஒரு வருட அனுபவம் கிடைக்கும்.

ஒரே ஒரு இடத்தில் பணம் கட்டலாம். நாள் முழுக்க வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் போனில் ஆங்கிலம் பேசும் வேலைதான் வேண்டும் என்று மகளே விரும்பினால், ஆங்கிலப் பேச்சு வகுப்பு தேவைப்படும். அப்போதும் மாதா மாதம்தான் கட்ட வேண்டும், மொத்தமாகக் கூடாது. முதலில் ஒரு வகுப்பில் சும்மா உட்காரட்டும். வாத்தியார் மட்டும் பேசி, பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருந்தால் அங்கே சேர்க்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் பேச முறை வர வேண்டும். ஐம்பது பேர் உட்காரும் அறையில் அது வராது. கணக்குப்பிரிவு வேலைக்கு இந்தச் செலவே வேண்டாம்.

அப்புறம், ஒரிஜினல் சான்றிதழை எந்த மையத்திடமும் தரகரிடமும் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் கேட்டால் கண்முன்னே காட்டிவிட்டு, நகலை மட்டும் கொடுத்துவிட்டு, ஒரிஜினலைக் கையோடு வாங்கி வரட்டும்.