நகையை அடகு வைக்காதீர்கள் அம்மா

போன கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயும் மகனும் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குக் காணாது. தனியார் கம்பஸில் வெளிநாட்டுப் பட்டம் என்று டொரண்டோவில் இருக்கும் பெரியமாமா முடிவே எடுத்துவிட்டார், அதற்காக அம்மா நகைகளை அடகு வைக்க நிற்கிறார். "இவனோ நாள் முழுக்க ஒரு கறுப்புத் திரைக்கு முன்னால் இருக்கிறான்" என்று சொல்லி அழுதார்.

கொஞ்சம் ஆறுதல் சொன்னேன், அப்புறம் அந்தக் கறுப்புத் திரையைப் பற்றித் தம்பியிடம் விசாரித்தேன். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது, அவனுடைய பழைய லப்டொப் விண்டோஸ் 11ஐ ஏற்கவில்லை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் புதியது வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். அவன் ஒரு சதமும் செலவழிக்காமல் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, அந்தக் கறுப்புத் திரையில் தட்டும் கட்டளைகளைத் தானாகவே படித்துக்கொண்டு வேலை செய்கிறான். அம்மா, அழுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

மாமாவுக்குக் கணினி என்றால் வீட்டு மேசையிலும் அலுவலகத்திலும் கண்ட விண்டோஸ்தான். 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய லினக்ஸ்தான் இன்று உங்கள் அன்ட்ரொய்ட் போனுக்கு அடியில் இருக்கிறது. உலகின் முதல் 500 சுப்பர் கணினிகளும் 2017 முடிவிலிருந்து அதில்தான் ஓடுகின்றன. மறுபக்கம், பெரிய நிறுவனங்கள் நம்பியிருந்த எச்பி-யூஎக்ஸ் போன்ற யுனிக்ஸ் வகைப் பழைய இயங்குதளங்களின் காலம் முடிகிறது; எச்பி-யூஎக்ஸுக்கான ஆதரவும் 2025 டிசம்பர் 31உடன் நின்றுவிட்டது. அவற்றில் கிடக்கும் தரவையும் கணக்கையும் ஒன்றும் உடையாமல் லினக்ஸுக்கு மாற்ற ஆள் வேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் ஆப் எழுத அனுப்புகிறோம், நிறுவனங்களின் தரவைத் தாங்கும் சேர்வர் கணினிகளைப் பார்க்கும் இந்த வேலையை ஒருவரும் பிள்ளைக்குச் சொல்வதில்லை.

இதற்கு ரெட் ஹட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ (RHCSA) என்றொரு பரீட்சை இருக்கிறது. சரியான விடைக்குக் கோடிடும் பரீட்சை இல்லை. ஓடுகிற கணினியைக் கையில் தந்து, பயனர்களை உருவாக்கு, வட்டைப் பிரி, அனுமதிகளைச் சரிசெய், முழு அதிகாரமுள்ள ‘ரூட்’ பயனரின் மறந்துபோன கடவுச்சொல்லை மாற்று என்பார்கள். கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டாலும் செய்தது நிலைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் புள்ளி இல்லை. 300க்கு 210 எடுக்க வேண்டும். மனப்பாடம் உதவாது, நோண்டிப் பழகிய கைதான் உதவும், தம்பிக்கு அது இருக்கிறது. பழகுவதற்கு ரெட் ஹட்டின் லினக்ஸை ஒத்த அல்மாலினக்ஸ், ரொக்கி லினக்ஸ் இரண்டும் இலவசம், வீட்டிலேயே மெய்நிகர் கணினியில், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில், போடலாம்.

பட்டமும் வேண்டும்தான். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி (BIT) என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், முதலாம் ஆண்டுப் படிப்போடு நிறுத்தினாலும் டிப்ளோமா கையில் இருக்கும். இலட்சக்கணக்கில் கடன்பட்டு நடுவில் விட்டால் கையில் கடன் மட்டும்தான்.

தம்பிக்கும் ஒன்று சொன்னேன்: மின்டில் படம் பார்ப்பது லினக்ஸ் படிப்பு ஆகாது. தினமும் செய்ததை ஆங்கிலத்தில் எழுதிவை, ஆறு மாதம் கழித்து அந்தக் கொப்பியோடு வா, பரீட்சைக்குக் கட்டுவதா என்று அப்போது பார்ப்போம்.

மாமாவுக்கு உதவ மனமிருந்தால் அந்தப் பரீட்சைக் கட்டணத்தை அனுப்பட்டும். இப்போதைக்கு மெய்நிகர் கணினி ஓட்ட லப்டொப்பில் ரேம் போதாது என்றான், அதை மட்டும் வாங்கிக் கொடுங்கள்.