கர்ப்ப வாரம்: எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கரு உருவாகி நான்கு வாரம்தான் இருக்கும். டாக்டர் ஆறு வாரம் என்கிறாரே?

இரண்டும் சரிதான். கரு உருவான நாள் பெரும்பாலும் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. மாதவிலக்கு தொடங்கிய நாள் தெரியும். அதனால் கடைசி மாதவிலக்கின் முதல் நாளைத்தான் தொடக்கமாக வைக்கிறார்கள். 28 நாள் சுழற்சியில் கருமுட்டை ஏறத்தாழ 14-ஆம் நாள் வெளியேறும். ஆக, கணக்கில் வரும் முதல் இரண்டு வாரம் கருவே இல்லாத வாரங்கள். ரத்தப்போக்கு நின்ற நாளிலிருந்து எண்ணினால் சில நாட்கள் குறைந்துவிடும்.

12 வாரம் 3 நாள் என்றால் 12-வது வாரமா, 13-வதா?

12 முடிந்து 13-வது நடக்கிறது. மார்ச் 10-இல் மாதவிலக்கு, இன்று ஜூன் 5 என்றால்: மார்ச்சில் மீதி 21, ஏப்ரல் 30, மே 31, ஜூனில் 5. மொத்தம் 87. ஏழால் வகுத்தால் 12, மீதி 3. மார்ச் 10-ஐ ‘ஒன்று’ என எண்ணத் தொடங்கினால் ஒரு நாள் கூடிவிடும், அந்த நாள் பூஜ்யம். எப்போதும் வாரத்தோடு நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்.டி. ஸ்கேனை (கருவின் கழுத்துக்குப் பின்னுள்ள திரவத்தின் அளவைப் பார்ப்பது) 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரைதான் எடுப்பார்கள். ‘பதிமூணு வாரம்’ என்று மொட்டையாகச் சொன்னால் குழப்பம்தான்.

பிரசவத் தேதி டிசம்பர் 15 என்கிறது செல்போன் செயலி, டாக்டர் டிசம்பர் 17 என்று எழுதியிருக்கிறார்.

அதே மார்ச் 10-க்கு இரண்டுமே வரும். செயலி 280 நாளைக் கூட்டுகிறது. டாக்டர் ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டியிருக்கிறார். கைக்கணக்குக்கு அதுதான் எளிது. இடையில் 31 நாள் மாதங்கள் எத்தனை வருகின்றன என்பதைப் பொறுத்து ஓரிரு நாள் நகரும். பொருட்படுத்த வேண்டாம்.

எனக்கு 35 நாளுக்கு ஒருமுறைதான் மாதவிலக்கு வரும்.

கருமுட்டை ஒரு வாரம் தாமதமாக வெளியேறியிருக்கும். பிரசவத் தேதியை 7 நாள் தள்ளுங்கள். சுழற்சி ஒழுங்கற்றது, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது கருத்தரித்தது, கருத்தடை மாத்திரையை அண்மையில்தான் நிறுத்தியது என்றால் கைக்கணக்கு உதவாது, ஸ்கேன்தான்.

8-வது வார ஸ்கேனில் ஒரு தேதி, 32-வது வார ஸ்கேனில் வேறு தேதி. எதை நம்புவது?

முதல் ஸ்கேனை. தொடக்கத்தில் எல்லாக் கருவும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளரும். அதனால் தலையுச்சி முதல் பிட்டம் வரையிலான நீளத்தை வைத்து நாளைச் சொல்லிவிடலாம். பொதுவாகப் பின்பற்றும் வரம்பு இது: 8 வாரம் 6 நாள் வரை 5 நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், 9 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை 7 நாளுக்கு மேல் இருந்தால், ஸ்கேன் தேதிக்கு மாற வேண்டும். அதற்குள் என்றால் மாதவிலக்குத் தேதியே நிற்கும். 32-வது வாரத்தில் ஒரு குழந்தை குண்டு, இன்னொன்று ஒல்லி. அந்த ஸ்கேன் காட்டுவது வயதை அல்ல, வளர்ச்சியை. அதைப் பார்த்துத் தேதியைத் தள்ளினால், வளர்ச்சி குன்றிய குழந்தையும் ‘சரியாக இருக்கிறது’ என்று தோன்றிவிடும். ஆபத்து அங்கேதான்.

‘பத்து மாதம்’ என்கிறோமே, டாக்டர் ஒன்பது என்கிறார்?

28 நாளை ஒரு மாதமாக வைத்தால் 280 நாள் சரியாகப் பத்து. நாட்காட்டி மாதத்தில் ஒன்பதுக்குச் சற்று மேல்.

ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) மூலம் கர்ப்பம். மாதவிலக்குத் தேதியைப் போடலாமா?

வேண்டாம். கருவுற்ற 5-ஆம் நாள் கருவைக் கருப்பையில் வைத்திருந்தால், வைத்த தேதியிலிருந்து 19 நாள் பின்னால் போங்கள். 3-ஆம் நாள் கரு என்றால் 17. அங்கிருந்து எண்ணுங்கள். உறைய வைத்த கருவுக்கும் இதே கணக்குதான். உறைந்திருந்த காலம் சேராது.