தண்டவாளம் ஏன் அழுந்துகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தினமும் பையனைப் பள்ளியில் விட சயானில் லோக்கல் ஏறுகிறேன். பிளாட்பாரத்தின் கோடியில் நின்று பார்த்தால், சக்கரம் வரும்போதெல்லாம் தண்டவாளம் கீழே அழுந்தி மேலே வருகிறது. "உடைஞ்சிடுமாம்மா?" என்று பையன் கேட்கிறான். இது பழுதா?
– வாசகி, தாராவி

பதில்: பழுது இல்லை அம்மா. பையனின் கண் கூர்மையானது, அதை அடக்கிவிடாதீர்கள். மும்பையில் முப்பது வருடத்துக்கு மேல் ரயில்பாதைப் பராமரிப்பில் இருந்தவன் நான். தண்டவாளம் அழுந்தத்தான் வேண்டும்.

வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அதன்மேல் நீளமான மெல்லிய பலகையைப் போட்டு, பையனை நடுவில் உட்காரச் சொல்லுங்கள். நடுப்பகுதி அமிழும், ஓரங்கள் லேசாகத் தூக்கிக்கொள்ளும். தண்டவாளம்தான் பலகை. அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகள், ஜல்லி, மண் எல்லாம் சேர்ந்து மெத்தை. மண்ணை வரிசையாக நிறுத்திய ஸ்பிரிங்குகளாக நினைத்துக் கணக்குப் போடலாம் என்று 1867-ல் எமில் விங்க்ளர் என்ற ஜெர்மன் பொறியாளர் காட்டினார். 1888-ல் ஜெர்மனியின் சிம்மர்மன் அதை ரயில்பாதைக்கே முழுக் கணக்காக்கினார். இன்றும் எங்கள் கணக்கின் அடிப்படை அதுதான்.

மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம், ஒரு சக்கரத்தில் 10 டன், அடியில் சுமாரான மண் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் கீழே 2 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக அழுந்தும். ஸ்லீப்பர்கள் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், நேர் கீழே இருக்கும் ஸ்லீப்பர் தாங்குவது அந்த 10 டன்னில் 3 டன்னுக்கும் குறைவு. மிச்சத்தை இரு பக்கத்து ஸ்லீப்பர்களும் வாங்கிக்கொள்கின்றன. தண்டவாளம் வளைவதால்தான் இந்தப் பங்கீடு நடக்கிறது. மூன்றே கால் மீட்டர் தள்ளி அது பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மேலேகூட எழப் பார்க்கும். அது கண்ணுக்குத் தெரியாது.

அப்படியானால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்? ஒரே இடத்தில் மட்டும் அதிகமாக அழுந்தினால். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருநெல்வேலிக்காரரான எங்கள் கேங் மேட் (பாதைத் தொழிலாளர் குழுவின் தலைவர்) என்னைக் குனிய வைத்து ஒரு ஸ்லீப்பரின் நுனியைக் காட்டினார். சுற்றியிருந்த கருங்கல் ஜல்லியெல்லாம் கோலமாவு தூவியதுபோல் வெளுத்திருந்தது. "தம்பி, இந்தக் கட்டை அந்தரத்துல தொங்குது. வண்டி போறப்பல்லாம் கல்லை இடிச்சு மாவாக்குது" என்றார். மழை வந்தால் அதே இடம் சேறு கக்கும். அதன் பங்குச் சுமை பக்கத்து ஸ்லீப்பர்களின் தலையில் விழும், பிறகு அவையும் தளரும். அந்த வெள்ளைப் பொடி கண்ணில் பட்டால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் போதும், பாதையில் இறங்க வேண்டாம்.

கேள்வி: சிவில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். மண்ணை ஸ்பிரிங்காக வைத்துக் கணக்கிடும்போது அது எவ்வளவு விறைப்பு என்று சொல்லும் ஸ்பிரிங் எண் புத்தகத்துக்குப் புத்தகம் வேறாக இருக்கிறது. எதை எடுப்பது?
– மாணவர், மாட்டுங்கா

பதில்: அது மண்ணுக்கு மட்டும் சொந்தமான எண் இல்லை தம்பி, அதன்மேல் உட்காரும் பொருளின் அகலத்தையும் பொறுத்தது. 1955-ல் மண் இயக்கவியல் அறிஞர் டெர்சாகி இதைத் தெளிவாக எழுதினார். களிமண்ணில் 30 சென்டிமீட்டர் தகட்டை வைத்துச் சோதித்த எண், 3 மீட்டர் அகல அஸ்திவாரத்துக்குப் பத்தில் ஒரு பங்காகிவிடும். தகட்டு எண்ணை அப்படியே போட்டால் கட்டடம் அமிழ்வதைக் குறைத்து மதிப்பிடுவீர்கள்.

நீண்ட உத்தரத்தில் ஒற்றைச் சுமை என்றால், அந்த எண்ணைப் பாதியாக்கிப் பாருங்கள். உத்தரத்தை வளைக்கும் திருப்புத்திறன் (bending moment) 19 சதவீதம்தான் கூடும், ஏனென்றால் அங்கே நான்காம் மூலம் வருகிறது. அமிழ்வோ 68 சதவீதம் கூடும். ஆகவே திருப்புத்திறனை வைத்துப் போடும் கம்பிக் கணக்குக்கு அந்த எண் ஓரளவு முன்பின் இருந்தாலும் சமாளிக்கலாம். அமிழ்வுக்கு அப்படி விடக் கூடாது. இரண்டு மூன்று எண்களை வைத்துத் தனித்தனியே போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் சொசைட்டி ரீடெவலப்மென்ட்டில் ராஃப்ட் (கட்டடம் முழுவதையும் தாங்கும் ஒரே கான்கிரீட் பலகை அஸ்திவாரம்) போடுகிறார்கள். கட்டடம் கீழேதானே அழுத்துகிறது, மேலே எதற்குக் கம்பி வலை, வீண் செலவு என்கிறார் கான்ட்ராக்டர். சரியா?
– வாசகர், செம்பூர்

பதில்: சரியில்லை. சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். தூண்கள் கீழே அழுத்தும்போது மண் மேல்நோக்கித் தள்ளுகிறது. ராஃப்ட்டைத் தலைகீழாகத் திருப்பிய கூரையாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே மேல்முகம்தான் இழுபடும், தூணுக்கு நேர் கீழே அடிமுகம். இரண்டு இடத்திலும் கம்பி வேண்டும்.

நல்ல வரைபடம் இருந்தும் கெட்டுப்போன ராஃப்ட் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். மேல் வலையைத் தாங்க வேண்டிய, நாற்காலிபோல் வளைத்த 'சேர்' கம்பிகளை இரண்டு மீட்டருக்கு ஒன்றாக வைத்திருந்தார்கள். கான்கிரீட் கொட்டியவர்கள் மிதித்து மிதித்து, மேல் வலை நடு உயரத்துக்கு இறங்கிவிட்டது. மேலே விரிசல் விட்ட பிறகு துளை போட்டுப் பார்த்துத்தான் தெரிந்தது. கான்கிரீட் போடும் அன்று காலையில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துக்கொண்டு நீங்களே போய் நில்லுங்கள். வலைமேல் ஏறி நின்று பாருங்கள். உங்கள் எடைக்கே அது தொய்ந்தால் லாரியைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.