அரசின் மீது சிவில் வழக்குப் போடுமுன் 80-ம் பிரிவு நோட்டீஸை யாருக்கு, எப்படி அனுப்புவது?

"அரசுத் துறையிலிருந்து பில் பணம் வரவில்லை, கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்தாயிற்று, இனி நேரே கோர்ட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அரசின் மீது வழக்குப் போடுமுன் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அது இல்லாமல் போனால் அரசுத் தரப்பின் முதல் ஆட்சேபணையே நோட்டீஸ் இல்லை என்பதாக இருக்கும். குறைதீர்க்கும் நாள் மனுவோ துறைக்கு அனுப்பிய நினைவூட்டலோ சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ம் பிரிவு கேட்கிற நோட்டீஸுக்குப் பொதுவாக ஈடாகாது. அவற்றில் "ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்" என்றுதான் இருக்கும். என்ன பரிகாரம் வேண்டும், தராவிட்டால் வழக்கு என்பது இருக்காது.

நோட்டீஸ் எழுத உட்காருமுன், எதிர்த்தரப்பு யார் என்று பாருங்கள். "பொதுப்பணித் துறை" என்று போட்டு வழக்குத் தொடுக்க முடியாது, துறை தனிச் சட்ட நபர் அல்ல. மாநில அரசு என்றால் பிரதிவாதி தமிழ்நாடு மாநிலம். மத்திய அரசு என்றால் இந்திய ஒன்றியம். நோட்டீஸ் போக வேண்டிய முகவரியும் இதைப் பொறுத்ததுதான். மாநில அரசுக்கு, அரசுச் செயலாளர் அல்லது மாவட்ட ஆட்சியர், இருவரில் ஒருவருக்குப் போனால் போதும். மத்திய அரசுக்குச் செயலாளர், ரயில்வே சம்பந்தப்பட்டதென்றால் அந்த ரயில்வேயின் பொது மேலாளர். அதிகாரி ஒருவர் பதவியின் பேரில் செய்த செயலுக்காக அவரையும் பிரதிவாதியாக்கினால் அவருக்குத் தனி நோட்டீஸ் வேண்டும். அப்படிப்பட்ட வழக்கில் அரசையும் சேர்த்தாக வேண்டும். அதிகம் பார்க்கிற தவறு, செயற்பொறியாளருக்கோ தாசில்தாருக்கோ மட்டும் நோட்டீஸ் அனுப்பிவிட்டு வழக்கை மாநிலத்தின் மேல் போடுவது. அவர்களுக்கு நகல் அனுப்புங்கள், தவறில்லை.

மின்வாரியம், போக்குவரத்துக் கழகம் போன்றவை அரசு நடத்தினாலும் இந்தப் பிரிவு சொல்லும் 'அரசு' அல்ல. நகராட்சி, மாநகராட்சிக்கு அவற்றின் சொந்தச் சட்டத்தில் நோட்டீஸ் விதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உயர்நீதிமன்ற ரிட் மனுவுக்கு 80-ம் பிரிவு பொருந்தாது. ஒப்பந்தத்தில் நடுவர் மன்ற ஷரத்து (தகராறை நடுவரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை) இருந்தால், சிவில் வழக்குக்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

நோட்டீஸில் கட்டாயம் இருக்க வேண்டியவை: வாதியின் பெயர், விவரம், வசிப்பிடம், வழக்கு மூலம் (வழக்குக்குக் காரணமான நிகழ்வுகள்), கேட்கும் பரிகாரம். இதில் வழக்கு மூலம்தான் பலருக்குச் சறுக்குகிற இடம். "வேலை செய்தேன், பணம் தரவில்லை" என்றால் போதாது. "இன்ன தேதியிட்ட பணி ஆணைப்படி வேலை 14.8.2023 அன்று முடிந்தது, 2.9.2023 அன்று எம்-புக்கில் (அளவுப் புத்தகம்) அளவு பதிவானது, பட்டியல் தொகை ரூ. 4,80,000, அதில் ரூ. 3,10,000 நிலுவை" என்று தேதி, தொகையோடு ஓட வேண்டும். வட்டி கேட்பதானால் எந்தத் தேதியிலிருந்து என்று அதிலேயே எழுதிவிடுங்கள். தரவேண்டிய தேதி எழுத்தில் குறிக்கப்படாத தொகைக்கு, 1978-ம் ஆண்டு வட்டிச் சட்டப்படி நோட்டீஸில் வட்டி கேட்ட தேதிதான் கணக்கு. கூட்டாளி இருந்தால் இருவர் பெயரும் நோட்டீஸில் வரட்டும். ஒருவர் மட்டும் நோட்டீஸ் கொடுத்து, இருவர் வழக்குப் போட்டது செல்லாது என்று சென்னை மாகாண அரசு சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் 1947-ல், அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது. வாதியை அடையாளம் காண முடிந்து, வழக்கு மூலமும் பரிகாரமும் பெருமளவு தெரிந்தால், நோட்டீஸில் உள்ள குறைக்காக மட்டும் வழக்கைத் தள்ளக்கூடாது என்று 1976 திருத்தம் இப்போது சொல்கிறது. அதை நம்பி அசட்டையாக எழுதுவது வீண் வம்பு.

வக்கீல் மூலமாகத்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை, கோர்ட் கட்டணமும் இல்லை. தபாலில் போனால் பதிவும் ஒப்புகை அட்டையும் வேண்டும். நேரில் கொடுத்தால் தபால் பிரிவில் உங்கள் நகலின் மேல் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். தேதி தெளிவாக விழவில்லையென்றால் அங்கேயே மறுபடி போடச் சொல்லுங்கள். இரண்டு மாதக் கணக்கு, நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளை வைத்துத்தான், அனுப்பிய நாளை வைத்து அல்ல. மார்ச் 10-ல் சேர்ந்திருந்தால் மே 10 முடிந்த பிறகே பிராது (வழக்கு மனு) தாக்கல். இந்த விஷயத்தில் நீதிமன்றம் இரங்காது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு மாதம் கடந்துபோனாலும், முன்கூட்டிப் போட்ட வழக்கு தப்பாது என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வழக்குப் போடுவதற்கான காலக்கெடு ஓடிக்கொண்டிருக்குமே என்ற பயம் நியாயமானது. பணம் தரும் தேதி குறிக்காத வேலைக்கு, முடிந்த நாளிலிருந்து 3 வருடம். மேலே சொன்ன உதாரணத்தில் அது 14.8.2026. அதற்குள் நோட்டீஸ் போயிருந்தால் அந்த இரண்டு மாதத்தைக் காலவரையறைச் சட்டத்தின் 15(2) பிரிவு கழித்துக் கொடுக்கும். நோட்டீஸ் தேவையில்லாத மின்வாரியம் போன்றவற்றுக்கு அனுப்பிவிட்டு இந்தச் சலுகையைக் கேட்க முடியாது. மனுக்களும் நினைவூட்டல்களும் காலக்கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. இன்னொரு ஆபத்து, ஒரு சட்டத்தின்படி செய்ததாகச் சொல்லும் செயலுக்கோ செய்யாமல் விட்டதற்கோ இழப்பீடு கேட்டால் கெடு வெறும் ஒரு வருடம்.

நாளை காலை வீட்டை இடிக்க வருகிறார்கள் என்பது போன்ற அவசரத்தில், நோட்டீஸ் இல்லாமல் வழக்குப் போட 80(2) பிரிவின்படி அனுமதி மனு போடலாம். அப்போதும் அரசுக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் இடைக்காலத் தடைகூடக் கிடைக்காது. அவசரம் இல்லை என்று நீதிபதி நினைத்தால், நோட்டீஸ் கொடுத்துவிட்டு வரச்சொல்லிப் பிராதைத் திருப்பிவிடுவார். பழைய பணப்பாக்கிக்கு இந்த வழியைத் தேடாதீர்கள்.

பதில் வருமா? நோட்டீஸுக்குப் பதில் போவதைக் கவனிக்க ஓர் அதிகாரியை நியமிக்கும்படி 2005-லேயே உச்ச நீதிமன்றம் எல்லா அரசுகளுக்கும் உத்தரவிட்டது. நடைமுறையில் பதிலை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். பிராதில் நோட்டீஸ் சேர்ந்த தேதியைத் தனிப் பத்தியாக எழுதுங்கள், அந்த வாசகமும் சட்டம் கேட்பதுதான். நகல், தபால் ரசீது, ஒப்புகை அட்டை மூன்றையும் ஆவணப் பட்டியலில் சேருங்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தபின்னும், டிக்ரி (தீர்ப்பாணை) தேதியிலிருந்து மூன்று மாதம் பணம் வராமல் இருந்தால்தான், கோர்ட் மூலம் பணத்தை வசூலிக்கும் நிறைவேற்று மனுவுக்கு 82-ம் பிரிவு வழிவிடுகிறது.