‘ரெயில்கன்’ என்ற மங்காவை (ஜப்பானியப் படக்கதை) ஏன் ஸ்பின்-ஆஃப் என்கிறார்கள்?

ஒரு கதையின் துணைப் பாத்திரத்தை மையமாக்கி, அதே உலகில் தனியாக ஓடும் கதைதான் ஸ்பின்-ஆஃப். ‘எ செர்ட்டன் மேஜிக்கல் இண்டெக்ஸ்’ நாவல்களின் நாயகன் தோமா. மின்சாரத்தை ஆளும் மாணவி மிகோதோ அதில் வந்து போகிறவள். அவளுடைய தோழிகளைப் பற்றிச் சொல்ல அங்கே அதிக இடமில்லை. 2007இல் தொடங்கிய இந்த மங்கா அந்த இடத்தைத் தந்தது. பழகிய தெருவையே எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பார்ப்பது மாதிரி.

கதை நடப்பது, மாணவர்களின் அமானுஷ்ய சக்தியை 0 முதல் 5 வரை தரம்பிரிக்கும் ஒரு நகரத்தில். மிகோதோ 5, இன்னொரு மாணவியான சாதென் 0. இருந்தும் இருவரும் தோழிகள். சாதெனின் ஏக்கத்தை மறைக்காமல் காட்டுவதுதான், என் பார்வையில், இதன் பெரிய பலம்.

‘இண்டெக்ஸ்’ படித்தால்தான் இது புரியும் என்று பலர் தயங்குகிறார்கள். தேவையில்லை, நேராக இதிலிருந்தே தொடங்கலாம்.